கம்பியில் நின்றவர்கள்

அன்றைக்கு யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்த சண்டையில் யார் யாரைப் பார்த்துக் கத்தினார்கள் என்பது அதை வைத்துத்தான் விளங்கும்.

இடம், செங்கல்பட்டு பஜாரில் அப்துல் சுபஹான் குடைக்கடையின் மாடி. அங்கேதான் சுராயா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினாள். எழுபத்துநாலாம் வருஷத்து ரம்ஜான் மாதம், ஒரு புதன்கிழமை. சாயங்கால வகுப்புப் பெண்கள் மிஷின்களுக்கு உறை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நடு மேசையில், கதவைப் பார்த்தபடி சுராயா. அவளுக்கு வலது கைப்பக்கம், தன் கடையிலிருந்து தூக்கிவரச் சொன்ன கைவைத்த நாற்காலியில் ரத்ததான சங்கத் தலைவர் சுபஹான் பாய். நோன்பு என்பதால் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார், ஆனால் காது திறந்திருந்தது. இடது பக்கம், உறை போட்ட மிஷின் ஒன்றின் முன்னால் செயலாளர் மோசஸ். ரயில்வே பார்சல் ஆபீஸ் கிளார்க். பேச்சுக்குப் பேச்சு உறைக்கு மேலேயே ஸ்பேஸ் பாரைத் தட்டுகிற ஆள். ஜன்னல் கட்டையில் ஒரு காலைத் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற ஜானகிராமன். வாசலுக்குப் பக்கத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்று, சுராயா அதட்டிய பிறகு பெஞ்சு நுனியில் ஒட்டிக்கொண்டவன் ராஜேந்திரன். கல்பாக்கத்தில் கட்டட வேலையில் கான்கிரீட் மிஷின் ஓட்டுகிறவன். பெண்டாட்டி சம்பூர்ணம் பிரசவ வார்டில் படுத்திருந்தாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? நீயே சொல்லு" என்றாள் சுராயா.

"நஞ்சுக்கொடி கீழ கீதாம் டீச்சர். வலி வந்துச்சுன்னா கொழந்தைக்கு முன்னால ரத்தம் வந்துடுமாம். அதனால வெள்ளிக்கெழம காலைல வயித்தக் கீறி எடுத்துடலாம்னாரு. ரெண்டு பாட்டில் ரத்தம் பக்கத்துல வச்சிகினுதான் கத்தியத் தொடுவேன்றாரு. என்னுத எடுத்துக்கோ சாமின்னு கைய நீட்டுனேன். சேராதுன்ட்டாங்க."

"பி நெகடிவ்" என்றார் ஜானகிராமன். "எங்க கிட்ட ஒரு பாட்டில்கூட இல்லை. மெட்ராஸுக்கும் போன் போட்டுப் பார்த்தாச்சு, கையை விரிச்சுட்டாங்க. பி நெகடிவ் கிடைச்சா நல்லது. இல்லேன்னா ஓ நெகடிவ் ஏத்தலாம். இந்த ரெண்டைத் தவிர மூணாவது பேச்சே கிடையாது."

"கெடைக்கலன்னா?" என்றார் மோசஸ்.

அதை யாரும் ராஜேந்திரனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே சொன்னான். "மெட்ராஸுக்கு ஏத்திகினு போன்றாங்க. அந்த வண்டி குலுங்குற குலுக்கல்ல..." 

"கிடைக்கும்" என்றாள் சுராயா. "நம்ம கிட்ட முந்நூத்திச் சொச்சம் பேர் இருக்காங்க. நீ எழுந்திரிச்சு நிக்காம உக்காந்திரு, போதும்."

அவள் ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை நம்பித்தான் சொன்னாள்.

மெட்ராஸில் ஒரு மருந்துக் கம்பெனியில் இரண்டு வருஷம் டைப் அடித்தபோது அந்த வித்தையைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். தபால் கார்டை விடக் கொஞ்சம் பெரிய அட்டை. ஆளுக்கு ஒன்று. நடுவில் பேரும் விலாசமும். நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள், எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில். ஒரு துளைக்கு ஒரு சங்கதி. இந்தத் துளை பி குரூப், அந்தத் துளை ஓ, இது நெகடிவ், இது ஒரு பஸ்ஸில் ஏறி வந்து சேரக்கூடிய பக்கத்து ஊர். அந்தச் சங்கதி ஒருவருக்குப் பொருந்தினால் அவர் அட்டையில் அந்தத் துளையிலிருந்து ஓரம் வரைக்கும் வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு டிக்கெட் செக்கர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் குறடு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் மோசஸ் கண்டுபிடித்துக் கொடுத்தார். பிறகு எல்லா அட்டையையும் அடுக்கி, ஒரு துளையில் கம்பியைச் செருகித் தூக்கி உலுக்கினால், வெட்டப்பட்ட அட்டைகள் பொலபொலவென்று கீழே விழும். வெட்டாதவை கம்பியிலேயே நிற்கும். மெட்ராஸ் கம்பெனியில் இதற்கென்றே ஊசி உண்டு. செங்கல்பட்டில் குடைக்கம்பி. சுபஹான் பாய் கடையில் அதற்கு என்ன பஞ்சம்.

இதில் மூன்றே விதமான கேள்விதான் இருக்கிறது என்று சங்கத்தாருக்கு அவள் ஆரம்பத்திலேயே காட்டியிருந்தாள். விழுந்ததை எடுத்து இன்னொரு துளையில் குத்தினால், இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்று அர்த்தம். குவியல் சுருங்கும். இரண்டு துளைகளைத் தனித்தனியாகக் குத்தி விழுந்ததை ஒன்றாகச் சேர்த்தால், இது, இல்லாவிட்டால் அது. குவியல் பெருகும். விழுந்ததை ஒதுக்கிவிட்டுக் கம்பியில் நின்றதை எடுத்துக்கொண்டால், இது கூடாது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் மனுஷன் கேட்கக்கூடிய எந்தக் கேள்வியையும் கேட்டுவிடலாம் என்பது அவள் கட்சி. "இந்தப் பெட்டிக்கு வாய் மட்டும்தான் இல்ல" என்பார் மோசஸ்.

அன்றைக்கும் அவள் வழக்கம்போலவே தொடங்கினாள். மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்தவர்களின் அட்டைகள் சிவப்பு மூடி போட்ட தனிப் பெட்டியில் இருந்தன, அதைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் தட்டி நேராக்கி, நெகடிவ் துளையில் கம்பியை விட்டாள். உலுக்கினாள். ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்கு அட்டை விழுந்தது. அதை எடுத்து பி துளையில் குத்தினாள், விழுந்ததைத் தனியே வைத்தாள். மிச்சத்தை ஓ துளையில் குத்தினாள், விழுந்ததை அதோடு சேர்த்தாள். சேர்ந்த கட்டைப் பக்கத்து ஊர்த் துளையில் குத்தினாள். நாலு அட்டை விழுந்தது.

ராஜேந்திரன் பெஞ்சு நுனியிலிருந்து நடுவுக்கு நகர்ந்தான். "நாலு பேரா டீச்சர்?"

"இரு. ரம்ஜான் மாசம். விரதத் துளை ஒண்ணு இருக்கு."

அது சங்கத்தின் சட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ அவசரம் என்று கூப்பிட்டு, நோன்பு வைத்திருந்த ஒரு பெரியவர் தட்டாமல் வந்து கையை நீட்டி, பாதியில் மயங்கி விழுந்துவிட்டார். அதிலிருந்து, விரதத்தில் இருக்கிறவரைக் கூப்பிடவே கூடாது என்று சுபஹான் பாய் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அந்தத் துளை. சுராயா நாலு அட்டையையும் அடுக்கி அந்தத் துளையில் கம்பியை விட்டாள். இந்த முறை விழுகிறவர்கள் வேண்டாம், நிற்கிறவர்கள்தான் வேண்டும்.

மூன்று விழுந்தது. ஒன்று நின்றது.

நின்ற அட்டையை மோசஸ் வாங்கிப் பார்த்தார். ஸ்பேஸ் பாரைத் தட்டுவது நின்றது. "தபாலாபீஸ்ல கடுதாசி பிரிக்கிற சார்ட்டரா இருந்தாரே அவரு. போன மாசமே பிலாய்க்கு மாத்தலாயி பூட்டாரும்மா. நான்தான் பார்சல் புக் பண்ணேன், கட்டில் பீரோவோட."

கீழே கடைப்பையன் யாருக்கோ குடை விரித்துக் காட்டினான். படக். படக்.

"அப்போ மெட்ராஸ்தான்" என்று ராஜேந்திரன் எழுந்தான்.

"ரிக்‌ஷாவுல மைக் கட்டிக்கினு ஊரு பூரா சுத்தி வந்துடறேன்" என்றார் மோசஸ்.

"சுத்தி? நெகடிவ்வா பாசிடிவ்வான்னு எவனுக்குத் தன் ரத்தம் தெரியும்? நூறு பேர் வந்து நின்னா நூறு பேருக்கும் நான் டெஸ்ட் பண்ணணும். வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளி வந்துடும்" என்றார் ஜானகிராமன்.

சுராயா மூன்று பேரையும் பார்க்காமல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி பொய் சொல்லாது, அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. அப்படியானால் கேட்டதில்தான் கோளாறு. வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காமல் போனால் அது கண்ணில் படும். கூடாது என்று தள்ளியது கண்ணிலேயே படாது; தள்ளியதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எங்கேயோ ஒரு கூடாது அதிகமாகிவிட்டது.

"ராஜேந்திரா, உக்காரு. அண்ணே, மைக்கு அப்புறம். ஒவ்வொரு கம்பியா உருவிப் பாத்துடலாம்."

முதலில் பக்கத்து ஊர் என்ற நிபந்தனையை எடுத்தாள். கூடுதலாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பட்டாளத்தில், பதான்கோட். இன்னொருவர் கப்பல் வேலை, எந்தக் கடலில் இருக்கிறாரோ. அதைத் திருப்பி வைத்தாள். அடுத்து அவள் கை சிவப்பு மூடிப் பக்கம் போனதும் ஜானகிராமன் ஜன்னலிலிருந்து இறங்கிவிட்டார்.

"அது மட்டும் வேண்டாம். போன மாசம் குடுத்தவர்கிட்ட மறுபடி எடுத்தா, ஒரு உசுருக்கு இன்னொரு உசுரைப் பணயம் வைக்கறதுதான். நான் ஊசி போட மாட்டேன்."

"நானும் கேக்க மாட்டேன். தூசி தட்டத்தான் தொட்டேன்" என்றாள் சுராயா. அது பாதி நிஜம்.

மீதி இருந்தது விரதத் துளைதான். கீழே விழுந்து ஒதுக்கப்பட்டுக் கிடந்த மூன்று அட்டைகளையும் எடுத்து முகம் மேலாகத் திருப்பினாள். முதல் அட்டையைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு நிதானமாக இடது பக்கம் திரும்பினாள்.

"மோசஸ் அண்ணே. கருங்குழி ஆபிரகாம் எப்பலேந்து ரம்ஜான் நோன்பு பிடிக்கிறாரு?"

"எந்த ஆபிரகாம்? ரெபேக்காள் வூட்டுக்காரரா? அவரு ஏன் நோன்பு புடிக்கப் போறாரு? சர்ச்சு மணி அடிக்கிறவரு."

"அப்ப இந்தத் துளையை வெட்டினது யாரு?"

மோசஸ் எழுந்து வந்து பார்த்தார். "நான்தான் வெட்டினேன். ஈஸ்டருக்கு முன்னால தவக்காலம் வந்தா நாப்பது நாளும் மத்தியானம் வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. வெரதம்னுதானே போட்டிருந்தே?"

சுபஹான் பாய் கண்ணைத் திறந்தார். "தவக்காலமா? அது ரம்ஜானுக்கு வச்ச துளை இல்ல?"

"ரம்ஜானுக்கு மட்டும்னு யாரு சொன்னா பாய்? உங்க ஆளுங்களுக்கு மட்டுந்தான் பசிக்குமா?"

"யோவ், எங்க நோன்பை வச்சுத்தான்யா சட்டமே போட்டேன்!"

"வெரதம்னு எழுதிகினு நோன்புன்னா எப்பிடி பாய்?"

ஜானகிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சண்டை போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஐயப்பனுக்கு மாலை போடறவங்க அட்டையெல்லாம் என் கிட்டதான் குடுத்தீங்க. அவங்களுக்கும் நான் அதே துளையைத்தான் வெட்டி வச்சிருக்கேன். கார்த்திகை மாசம் கூப்பிட்டா சங்கடப்படுவாங்களேன்னு."

சுராயா இரண்டு கையையும் மேசை மேல் வைத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அட்டை அடித்தபோது கடைசியில் ஒரே ஒரு துளைதான் மிச்சம் இருந்தது. விரதம் என்று எழுதிவிட்டு, அட்டைகளை மூன்று கட்டாகப் பிரித்து, அவரவருக்குத் தெரிந்த ஆட்களுக்கு அவரவரே வெட்டட்டும் என்று கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் அக்கறையாக உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள். அந்தத் துளை தங்கள் ஆட்களுக்காகவே வைக்கப்பட்டது என்று மூன்று பேருமே நினைத்ததால் ஒருவரும் இன்னொருவரிடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது ரம்ஜான் என்று கம்பியைச் செருகினால், பங்குனியில் பட்டினி கிடக்கிறவரும் மார்கழியில் மலைக்குப் போகிறவரும் சேர்ந்து விழுகிறார்கள்.

"மூணு பேரும் ரொம்ப நல்லவங்க" என்றாள் அவள். "அதான் தொல்லையே. ஒரு துளையை மூணு வேலைக்கு விட்டது நானு. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஆபிரகாம் பி நெகடிவ். அண்ணே, கருங்குழி பஸ்ஸைப் பிடிங்க."

"இப்பவே போறேன். காலைல முத பஸ்ல ஆளோட வந்து நிப்பேன்" என்று மோசஸ் செருப்பைத் தேடினார்.

இரண்டாவது அட்டை திருக்கழுக்குன்றம் கேசவலு. மாலை போடுகிறவர், ஓ நெகடிவ். ஜானகிராமன் தலையை ஆட்டிவிட்டார். மஞ்சள் காமாலை வந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாராம், அவர் ரத்தத்தைத் தொடக்கூடாது. மூன்றாவது அட்டையைப் பார்த்ததும் சுராயா சிரித்தாள். உம்மு சல்மா, புதுப்பட்டினம். பி நெகடிவ். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய்த் தவணைக்குப் புடவை விற்கிறவள். கடல் காற்றுக்கு மேல் குரல் எழுப்பக்கூடியவள். சுராயாவுக்கு ரொம்ப நாள் சிநேகிதி.

"இவளுக்கு எழுதப் போறேன்" என்றாள்.

"கூடாது" என்றார் சுபஹான் பாய். "ஆபிரகாம் சரி, அது துளை செஞ்ச தப்பு. இந்தப் பொண்ணு அப்படி இல்ல. நோன்பு வச்சவங்ககிட்ட போயி ரத்தம் குடுன்னு கேட்டா, அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. கேக்கறதே ஒரு பலவந்தம் புள்ள. அன்னிக்கு அந்தப் பெரியவர் விழுந்ததை நான் பாத்தேன், நீ பாக்கல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுராயா அதை மறுக்கவில்லை.

"மாமா, நாளைக்கு அவ நோன்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? தொழுகைய விடாத பொண்ணு. உடம்பு கல்லு மாதிரி இருக்கு. நோன்பு வைக்காம?"

சுராயா கடிதத் தாள் ஒன்றை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெண்ணும் முப்பது நாளும் நோன்பு வைப்பதில்லை. மாதத்தில் சில நாள் அவளுக்கு நோன்பு கிடையாது, பிறகு வேறு நாளில் வைத்துத் தீர்க்க வேண்டும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்; எல்லா வீட்டு ஆண்களும் தெரியாத மாதிரி இருப்பதும்தான். பேரைப் பார்த்துத் துளை வெட்டியவருக்கு இது நினைவுக்கு வந்திருக்காது. நாலு ஆம்பிளைகள் மத்தியில் அவள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சங்கதியும் இல்லை.

சுபஹான் பாய்க்கு மனைவியும் மூன்று பெண்களும் உண்டு. அவர் தொப்பியைக் கழற்றி, அதில் இல்லாத தூசியைத் தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நோன்பாவே இருந்தாலும்" என்று சுராயா மெதுவாகத் தொடர்ந்தாள், "சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு அப்புறம் நோன்பு தெறந்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் படுத்துட்டுக் குடுக்கலாம். மயக்கம் வராது. ஜானகிராமன் சார், நாளைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் லேபைத் தெறந்து வைப்பீங்களா?"

"வைக்கறேன். நானே சோடாவும் வாங்கி வைக்கறேன்."

"மாட்டேன்னு சொல்றதுக்கும் வழி விட்டுத்தான் எழுதுவேன் மாமா. நாம கேக்காமலே அவளுக்குப் பதிலா நாம மாட்டேன்னு சொல்லிட்டிருக்கோம். அதுதான் எனக்குப் பிடிக்கல."

சுபஹான் பாய் ராஜேந்திரனைப் பார்த்தார். அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல், கீழே விழுந்து கிடந்த அட்டைகளைப் பொறுக்கி ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான், கலைந்தால் ஆள் போய்விடும் என்பதுபோல.

"எழுது" என்றார். "ஆனா கண்டக்டர்கிட்ட வாயால சொல்லி அனுப்பாத. புதுப்பட்டினம் போறதுக்குள்ள பஸ் பூரா பேசும். ஒட்டிக் குடு."

சுராயா மிஷினில் அடிக்கவில்லை, பேனாவால் எழுதினாள். சம்பூர்ணத்தின் நிலைமை நாலு வரி. பிறகு இப்படி: "உன்னால் முடிந்தால் நாளை வியாழக்கிழமை வா. பகலில் வருவதா, நோன்பு திறந்த பிறகு வருவதா என்பது உன் சௌகரியம். எந்த நேரம் வந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. முடியாவிட்டாலும் காரணம் எழுத வேண்டாம். முடியாது என்று மட்டும் இதே கண்டக்டரிடம் சொல்லி அனுப்பு, நான் வேறு வழி பார்க்க நேரம் இருக்கும்." கல்பாக்கம் பஸ் கிளம்புவதற்கு முன்னால் ராஜேந்திரன் அதை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை காலையில் மோசஸ் சொன்னபடி ஆளோடு வந்து நின்றார். ஆபிரகாம் நல்ல ஆகிருதி. லேப் கட்டிலில் படுத்தபோது கட்டில் முனகியது.

"சாப்பிட்டீங்களா?" என்று ஜானகிராமன் கேட்டார்.

"ஏன் சார், வரவழி பூரா இந்த மோசஸ் இதையேதான் கேட்டுகினு வந்தான். ஆறு இட்லி, ஒரு வடை. செப்டம்பர் மாசத்துல நான் ஏன் சார் பட்டினி கெடக்கணும்? பட்டினி கெடந்தா என் பொண்டாட்டி ரெபேக்காளே என்னியக் கொன்னுடுவா."

"தவக்காலத்துல?"

"அது சாமிக்கு. அப்போ கூப்புட்டாக்கூட வருவேன், கூப்புட்டாதானே? மூணு வருசமா பேர குடுத்து வச்சிக்கினு கீறேன். ரம்ஜான் மாசம் ஆளு கெடைக்காம அல்லாடுறாங்கன்னு கேள்வி, அப்பக்கூட ஒருத்தரும் கூப்புடல. என் ரத்தத்துல இன்னா குறையோன்னு நெனச்சேன்."

மோசஸ் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பாட்டில் நிறைந்தது. ராஜேந்திரன் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். சூடாக இருக்கிறது என்றான். பிறகு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

இரண்டாவது பாட்டிலுக்காகச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கண்டக்டரிடமிருந்து முடியாது என்ற சேதி வரவில்லை, அதையே சுராயா நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு சுபஹான் பாய் லேபுக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், புடவை மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உம்மு சல்மா படியேறி வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"எங்கடி கட்டிலு? சீக்கிரம் எடுக்கச் சொல்லு, அஞ்சு மணிக்கு குவார்ட்டர்ஸ்ல ஒரு கல்யாணப் பொடவ காட்டணும்" என்றாள்.

சுபஹான் பாய் எழுந்தேவிட்டார். "ஏம்மா, பகல்லயே... நோன்பு..."

"அண்ணே" என்று உம்மு சல்மா மூட்டையை அவர் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "லெட்டர்ல அந்தக் கேள்வி இல்லியே."

சுராயா அவரைப் பார்க்கவே இல்லை. அவராகவே உட்கார்ந்து, மூட்டை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். எடுத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். சோடாவை அவரேதான் உடைத்துக் கொடுத்தார்.

"வாயால சொல்லி அனுப்பாம லெட்டரா எழுதுனியே, நல்ல காரியம் பண்ண" என்று கிளம்பும்போது உம்மு சல்மா சுராயாவின் காதில் சொன்னாள். "எங்க வூட்ல மாமியாரு இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்தது. முதல் பாட்டில் முழுக்க ஏறி, இரண்டாவது பாட்டில் பாதியில் நிற்கிறபோது ரத்தப்போக்கு நின்றதாம். ஒரு பாட்டிலோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜானகிராமன் ராஜேந்திரனுக்குச் சொல்லவில்லை, சுராயாவிடம் மட்டும் சொன்னார். பெண் குழந்தை. மத்தியானம் சம்பூர்ணம் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் ஆட்டைக் கட்டினார்களா என்பது. ராஜேந்திரன் இன்ஸ்டிட்யூட் மாடிக்கு மூச்சிரைக்க ஓடி வந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆட்ட கேக்குது டீச்சர்! ஆட்ட கேக்குது!" டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை விடுமுறை. சுராயா முந்நூற்றுச் சொச்சம் அட்டைகளையும் அடுக்கி விரதத் துளையில் கம்பியை விட்டாள். விழுந்ததைப் பார்த்து அவளுக்கே திகைப்பாகிவிட்டது. பெட்டியில் கால்வாசி. மூன்று வருஷமாக ஒவ்வொரு ரம்ஜானுக்கும் இவ்வளவு பேரைக் கேட்காமலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெட்டி ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

தபாலாபீஸில் ஸ்டாம்பு கிழித்த பிறகு மிஞ்சுகிற பசை ஓரத்தை மோசஸ் வாங்கிவந்திருந்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு அட்டையிலும் அந்த வெட்டை ஒட்டி அடைத்தார்கள். ஜானகிராமன் தண்ணீர் தொட்டுக் கொடுத்தார், சுபஹான் பாய் அழுத்தினார். இனிமேல் அந்தத் துளை யாருக்கும் வெட்டப்படாத துளை. யாருக்கு எப்போது வெட்டுவது என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு மிஷினில் கார்பன் வைத்து சுராயா கடிதம் அடித்தாள்.

"அன்புடையீர், விரதகாலத்தில் அழைக்கக் கூடாதவர் என்று தங்கள் அட்டையில் குறித்திருந்தோம். தங்களைக் கேட்காமல், தங்கள் பேரை மட்டும் பார்த்துக் குறித்தது அது. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டோம். எந்த மாதத்தில், எந்த வேளையில் தங்களை அழைக்கலாகாது என்பதைத் தாங்களே எழுதித் தெரிவிக்க வேண்டுகிறோம். காரணம் எழுத வேண்டியதில்லை. பதில் வராதவர்களை எப்போதும் அழைக்கலாம் என்றே எடுத்துக்கொள்வோம். வர இயலாவிடில் அப்போது மறுக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு."

"கடைசி வரி நல்லா இருக்கு" என்றார் சுபஹான் பாய்.

"அது உங்களுக்காகச் சேர்த்தது மாமா."

மேசை மேல் கவர்கள் மலையாகக் குவிந்தன. அகர வரிசைப்படி அடுக்கியிருந்தாள், ஆகவே முதல் கவரின் மேல் பேர் அப்துல் சுபஹான், குடைக்கடை, பஜார் தெரு. அவர் கையை நீட்டினார்.

"நான் கீழதானே இருக்கேன். எதுக்குத் தபால் செலவு? கையில குடுத்துடு, இப்பவே பதில் சொல்றேன்."

"நாலு பேருக்கு முன்னால என்ன பதில் சொல்வீங்க? எல்லாருக்கும் போற மாதிரிதான் உங்களுக்கும் போகும். தனியா ஒக்காந்து படிச்சுட்டு எழுதுங்க."

மோசஸ் ஓவென்று சிரித்தார். சுராயா கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டாள். மடிப்பு ஓரத்தில் ஈரப் பஞ்சை ஓட்டி, கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் அழுத்தி ஒட்டினாள். ஸ்டாம்பு வைத்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி, குடைக்கடையைத் தாண்டி, தெருமுனையில் நிற்கிற சிவப்புத் தபால் பெட்டியின் வாயில் தள்ளினாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள்.